நான் கேட்காத ஒரு சிட்டிகைப் பாசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் கடை நடக்காது. கரண்டு போனால் என்னைத் திட்டுவார்கள். ஆதார் அட்டையில் தங்கள் மூஞ்சி கறுப்பாக விழுந்தால் என்னைத் திட்டுவார்கள். ஹால் டிக்கெட் இறங்காவிட்டாலும் நான்தான் காரணம். தமிழில் திட்டினால் தமிழிலும், தெலுங்கில் திட்டினால் தெலுங்கிலும் திருப்பிக் கொடுப்பேன். அந்த வாயை ஒரு நாள் தப்பான ஆள்மேல் விட்டேன், அதிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குச் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். இடம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியும் மலை ஏறவில்லை. கீழே கடை, மேலே கோவில். தினமும் நாலு மொட்டைத் தலையாவது என் கடைக்கு வரும். தூரம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கனகம்மாசத்திரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் கேலி செய்வார். "சாமி இன்னா உன் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரப் போறாரா, அந்த தைரியம்தான உனக்கு?"

உண்மையான காரணம் வேறு. என் தலையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஆறு வயசில் அண்ணன் ஓடிவந்து இடித்ததில் கொதிக்கிற கஞ்சிப் பானை என்மேல் கவிழ்ந்தது. உச்சிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிப்போய் முடியே முளைக்காத இடம் அது. நாற்பது வருஷத்துக்கு மேல் பக்கத்து முடியை இழுத்து அதன்மேல் வாரிப் பின்னித்தான் வெளியே தலை காட்டினேன். வீட்டுக்காரருக்கே கல்யாணமாகி ஒரு மாசம் கழித்துத்தான் தெரியும். மொட்டை அடித்தால் ஊருக்கே தெரியும்.

கடைசியில் ஆடி மாசக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை காலையில் போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் வந்து உட்கார்ந்தேன். மொட்டை அடிக்க எனக்கு வாய்த்தவர் அறுபது வயசுக்காரர், ஒல்லியான மனுஷன். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார், புது பிளேடு மாட்டினார். தழும்பு இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றதால் சொல்லவில்லை.

பாதித் தலையில் அவர் கை நின்றது.

"இங்க ஒரு புண்ணு கீதும்மா," என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். விரலில் ரத்தம். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். "முடிய எடுக்கச் சொன்னா தலையையே எடுக்கறியா? கண்ணு தெரியலன்னா வீட்ல குந்தறதுதான?" என்று அந்த இடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். எனக்குப் பின்னால் காத்திருந்த குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆளிடம் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. "கத்தி அங்க போகவே இல்லமா. இது பழைய புண்ணு, ஓரம் தடிச்சிகினு கீது. டாக்டராண்ட காட்டுங்க," என்று மட்டும் சொன்னார். மிச்சத் தலையை மெதுவாக முடித்தார், நான் குளித்துவிட்டு வந்ததும் சந்தனத்தை அவரே பூசிவிட்டார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

எங்கள் ஊரில் மொட்டை போட்ட தலையில் என்ன புண் இருந்தாலும் அது கத்தி பட்ட காயம்தான். வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது. சந்தனம் போட்டால் ஆறிவிடும் என்பார்கள், ஆறியும்விடும். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் தினம் குழைத்துக் குழைத்து அப்பினேன். ஒரு மாசம் போனது, இன்னொரு மாசமும் போனது. சுற்றி முள்ளுமுள்ளாக முடி முளைத்தது. புண் மட்டும் அப்படியே இருந்தது. துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு கடையில் உட்கார்ந்து, அந்த மனுஷனைத் தினமும் மனசுக்குள் வைதேன்.

இங்கே என் மகள் என்ன படிக்கிறாள் என்று சொல்லிவிட வேண்டும். கடல்பாசி. தெற்கே மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களோடு போய், பழுப்புப் பாசியைப் பை பையாகக் கொண்டுவந்து, கழுவி, காயவைத்து, அரைத்து, அதிலிருந்து சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு பொருளைப் பிரிக்கிறார்கள். அது தோல் புற்றுநோய் செல்களைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. முதல் தடவை சொன்னபோது சிரித்தேன். "கடலே இல்லாத ஊர்ல பொறந்தவளுக்கு எதுக்குடி கடல்பாசி? நம்மூரு நந்தியாத்துப் பாசி பத்தாதா?" என்று கேட்டேன்.

ஆனால் அவள் எழுதுவதை எல்லாம் பிரிண்ட் போட என் கடைக்குத்தான் அனுப்புவாள். வருகிற தாள் எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பது எனக்குத் தொழில் வியாதி. அவள் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். படம் முழுசாகப் புரிந்தது. இடது பக்கப் படத்தில் நோய் பிடித்த செல்கள் இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வலது பக்கம், பாசிச் சத்து ஊற்றிய தட்டில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்துதான் மிச்சம். பெருமை தாங்காமல் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மகள் வந்தாள். வந்தவள் நேராக என் துப்பட்டாவை எடுத்தாள். வெந்நீரில் துணியை நனைத்துச் சந்தனத்தை முழுக்கத் துடைத்தாள். போன் லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"எத்தினி நாளாம்மா?"

"மொட்டை போட்டதுலேர்ந்து. அந்த ஆளு கத்திய..."

"அம்மா. பொய் சொல்லாத."

என் மகளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. தலை வாரும்போது சீப்பு அந்த இடத்தில் இடறும், சீப்புப் பல்லில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஏழெட்டு மாசமாகவே, மொட்டைக்கு ரொம்ப முன்னாடியே. சீப்பைக் கழுவிவிட்டு, முடியை இழுத்து மூடிக்கொண்டு கடைக்குப் போவேன். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டேதான் அந்த மனுஷனை அத்தனை பேர் நடுவில் வைதேன். இதை எழுதும்போதும் எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒரு துணுக்குச் சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். சின்ன வயசில் வெந்த தழும்பில் பல வருஷம் கழித்து இப்படித் தோல் புற்றுநோய் வருவதுண்டு, இன்னும் எலும்பைத் தொடவில்லை, வெட்டி எடுத்துத் தொடைத் தோலை அங்கே ஒட்டிவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கடையைத் திறந்து முதல் வேலையாக என் ரிப்போர்ட்டை நானே மூன்று காப்பி எடுத்தேன். இந்த ஊரில் யாருக்கு என்ன நோய் என்று என் மெஷினுக்குத் தெரியும். கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போது படித்துவிடுவேன், நிமிரும்போது மறந்த மாதிரி இருப்பேன். அன்றைக்கு மட்டும் மெஷின் வெளிச்சம் போய்வருகிற வரைக்கும் தாளைத் திருப்பிப் பார்க்க முடியாமல் நின்றேன். மூன்றாவது காப்பி கோணலாக விழுந்தது. கிழித்துப்போட்டு இன்னொன்று எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து அண்ணன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். பானையை இடித்துத் தள்ளியவர் இவர்தான். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு தலைவலி என்றாலும் இவருக்குத் தூக்கம் போய்விடும். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மருந்த கைலயே வெச்சிகினு அம்மா தலைய அறுக்கச் சொல்றியா?"

"அது மருந்து இல்ல மாமா."

"உங்கம்மா எனக்கு படம் காட்டினாளே. அவ்ளோ செல்லும் செத்துப்போச்சே."

"அது கண்ணாடித் தட்டுல மாமா. தட்டுல பினாயில் ஊத்தினாகூட செத்துப்போகும். பினாயில குடிக்க முடியுமா? உடம்புக்குள்ள போனா அது எங்க போகும், எவ்ளோ தாங்கும், நல்ல செல்ல விட்டுவைக்குமா, ஒண்ணும் தெரியாது. அப்பால எலி, அப்பால மனுஷங்க, நிறைய வருஷம் ஆகும். அதுல பாதி வழியிலயே ஒண்ணுமில்லன்னு ஆனாலும் ஆகிடும்."

"பெத்தவளுக்குக் குடுக்காத மருந்த யாருக்குடி கண்டுபுடிக்கற?"

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அழுதார். ஐம்பத்தைந்து வயசு மனுஷன் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. ஏனென்றால் அவர் வாய்விட்டுக் கேட்டதைத்தான் நான் ரிசல்ட் வந்த நாளிலிருந்து மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்கப் படம் கண்ணை மூடினால் வந்து நின்றது. தலையை அறுப்பார்கள், தொடையை அறுப்பார்கள், சாகிறவரைக்கும் சொட்டை. அதற்குப் பதில் ஒரு சிட்டிகைப் பாசிப் பொடி. பூசிப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

அடுப்பங்கரைக்குப் போனேன். அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பாமலே சொன்னாள்.

"கேக்காதம்மா."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கத்தான் வந்த. கேக்காத. மாமா கேட்டா இல்லன்னு சொல்லிடுவேன். நைனா கேட்டாலும் சொல்லிடுவேன். நீ கேட்டா நான் லேபுலேர்ந்து எடுத்துகினு வந்துடுவேன். நாளைக்கே எடுத்துகினு வந்துடுவேன். வேலை செய்யாதுன்னு தெரிஞ்சே உன் தலைல பூசுவேன். நீயும் சந்தனம் பூசின மாதிரி இன்னும் ரெண்டு மாசம் குந்திகினு இருப்ப. அதுக்குள்ள எலும்புக்குப் போயிடும். கேக்காதம்மா."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டது ரொம்பக் குறைவு. அன்றைக்கு மூடினேன். மூடியது அவளுக்காகத்தான். எனக்கு அந்தப் பொடிமேல் ஆசை அப்போதும் போகவில்லை, நிஜத்தைச் சொல்வதற்கு என்ன. போய்க் குழாயை நிறுத்தினேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"அண்ணா, பானைய தட்டிவிட்டதுக்கு உன்னை ஒரு நாளும் நான் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. ஆனா என் பொண்ண திருடச் சொல்லாத. வெட்டிக்கப் போறேன். தேதி குடுத்துட்டாங்க."

"சொட்டையாயிடுமே தங்கச்சி, ஊருல..."

"ஊரு வந்து என் தலைய வாரி விடுதா?"

அண்ணன் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. நாலு நாள் கழித்துக் கடைக்கே வந்தார். கையில் பெரிய பிளாஸ்டிக் டப்பா, மேலே நீலக் கடல் படம், உள்ளே பச்சை மாத்திரை. எல்லா நோய்க்கும் கடல்பாசி என்று போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்திருக்கிறார். "ஒரு மண்டலம், வெறும் நாப்பத்தெட்டு நாள். முருகனுக்கு வேண்டிகினு சாப்புடு. அதுக்கும் நோய் கேக்கலன்னா அப்பால வெட்டிக்கோ," என்றார். நாற்பத்தெட்டு நாள் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். விரதமும் அதுதான், மருந்தும் அதுதான். ஆனால் எனக்கு ஆபரேஷன் தேதி அன்றிலிருந்து ஒன்பதாம் நாள்.

"முருகன் பேரைச் சொல்லி நோய்க்கு நாப்பத்தெட்டு நாள் லீவு வாங்கித் தரியாண்ணா?" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. டப்பாவை வாங்கி, ஃபேன் காற்றில் பறக்கிற விண்ணப்பத் தாள்கள்மேல் கனத்துக்கு வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவோம் என்றார்கள். வார்டில் அவர்களே மழிப்பார்களாம். வேண்டாம், நானே மழித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அட்மிட் ஆக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் மறுபடியும் மலை ஏறினேன். சீட்டு வாங்கினேன். பக்கத்தில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தும், அந்த ஒல்லி மனுஷன் கையில் இருந்த வேலை முடிகிறவரைக்கும் நின்றேன்.

அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. பலகையைத் துடைத்துவிட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க வெட்டலங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிகினேதான் உங்கள பேசினேன். மன்னிச்சிடுங்க," என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. வைததை எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"ஆங். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. குந்துங்க."

"எப்படித் தெரியும்?"

"தலைல கை வெச்சதும் தோள தூக்கிகினு குந்தினு இருந்தீங்க. பயந்தவங்கதான் அப்படி குந்துவாங்க. டாக்டராண்ட காட்டினீங்களா?"

காட்டினேன் என்றேன். என்ன நோய் என்றும் சொன்னேன். அவர் புது பிளேடு ஒன்றை எடுத்து மாட்டினார். முதலில் சுற்றிலும் எடுத்து, புண்ணுக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்தி, மிச்சத்தைக் கத்தரியால் நுனி நுனியாக வெட்டினார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. முடித்ததும் பழக்கத்தில் கை சந்தனத்துக்குப் போனது.

"வேணாங்க. மூடினது போதும்."

"வெயிலா கீதேம்மா."

"இருக்கட்டும்."

துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தழும்பும் புண்ணும் வெட்டவெளியில் தெரிய அத்தனை படியும் இறங்கினேன். ஏறி வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு குழந்தை கையை நீட்டிக் காட்டியது. உடம்பு கூசத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாருங்கடா, நல்லா பாருங்க என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன். நாற்பது வருஷம் நான் மூடி வைத்திருந்ததால்தானே அந்தப் புண்ணுக்கு அவ்வளவு தைரியம் வந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் ஒரு பயிற்சி டாக்டர் இரண்டு தாள் கொண்டுவந்தார். ஒன்று ஆபரேஷனுக்குச் சம்மதம். இன்னொன்று, வெட்டி எடுக்கிற சதையில் பரிசோதனைக்குப் போக மிஞ்சுவதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம். விருப்பம் இருந்தால் போதும், கட்டாயம் இல்லை என்றார். எந்த ஆராய்ச்சிக்கு என்று கேட்டேன். பல இடங்களுக்குப் போகும், பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான் இருக்கும் என்றார். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வேலை செய்கிற ஆராய்ச்சிக் கூடத்துக்கும் இந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் சதை வரும் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"நீ போடணும்னு இல்லம்மா," என்றாள்.

"பாசிய என் மேல போட முடியாதுன்னு சொன்னல்ல? என்னைத் தூக்கி பாசிமேல போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு, எத்தனையோ பேர் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கையால் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு காப்பி வேண்டும் என்றும் கேட்டேன். பயிற்சி டாக்டர் சிரித்தார்.

இப்போது என் தலையில் தொடைத் தோல் இருக்கிறது, பழைய தழும்பைவிடப் பெரிசாக. ஓரமெல்லாம் சுத்தமாக எடுத்தாகிவிட்டது என்றார்கள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். சுற்றி வளர்ந்த முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன், இழுத்து மூடுவதில்லை. வெயிலுக்குத் தொப்பி போடச் சொன்னார்கள், அதனால் வெளியே போனால் போட்டுக்கொள்கிறேன். கடைக்குள் வெறும் தலைதான். என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு முழுசாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் இருக்கிறதா என்று நானும் கேட்கிறேன். போன மாசம் அம்மையார்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை எழுதிக் கொடுத்தேன்.

மகள் நேற்றுப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து புது செல்கள் வந்திருக்கின்றனவாம், நம்பர் ஒட்டி, வரிசையாகத் தட்டுகளில் வளர்கின்றனவாம். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏன்டி என்றேன்.

"எதுல நீ இருக்கன்னு எனக்குத் தெரியாதும்மா. பாசிச் சத்த ஊத்த மனசு வரல."

"தெரியாம இருக்கறதே நல்லதுடி. தெரிஞ்சா பெத்தவளாச்சேன்னு பாவம் பாப்ப. ஒண்ண விடாத. எல்லாத்தயும் கொல்லு."

கடைக்கு ஆள் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு எழுந்தேன்.